பதினொன்றாம் கேள்விக்கு

பனி தள்ளும் வண்டியை ஷெட்டில் விட்டுவிட்டு
பூட்ஸைக்கூடக் கழற்றாமல்
சமையலறை மேசையில் உட்கார்ந்தேன்.
படிவம் பதினான்கு பக்கம்.
மேலே மொன்டானா மாநில முத்திரை:
கலப்பை, மண்வெட்டி, பின்னால் மலை.
உழைத்துப் பிழை என்று சொல்கிற மாதிரி.

பெயர் எழுதினேன். பிறந்தநாள் எழுதினேன்.
எங்களிடம் வந்த தேதியை
காலண்டரைப் பார்க்காமலே சொன்னாள் ஐடெல்லா.

பதினொன்றாம் கேள்வி:
'உதவித்தொகை இல்லாமல் இந்தக் குழந்தையைத்
தத்துக் கொடுப்பது எதனால் கடினம்?'
எட்டு வரி இடம் விட்டிருந்தார்கள்.

"நல்லதை எழுதாதீங்க" என்றாள்
கேஸ் பார்க்கிற ப்ரூயிட்,
காரை ஓட்டிக்கொண்டே, போனில்.
"இருக்கிறதிலேயே மோசமான நாளை எழுதுங்க.
நீதிபதி கையெழுத்துப் போட்டப்புறம்
கூடக் கேக்கிறது பெரும்பாடு.
இப்பக் கேட்டாத்தான் உண்டு."

எழுதினேன்.
வயது ஒன்பது.
(அதுவே ஒரு தடை என்று குறிப்பில் இருந்தது.
குழந்தை கேட்டு வருகிறவர்கள்
தொட்டிலில் கிடக்கிறதைத்தான் கேட்கிறார்களாம்.
எனக்கு வயது ஐம்பத்து மூன்று.
என்னை யார் கேட்பார்கள்?)
தலையணை உறைக்குள் ரொட்டி பதுக்குகிறான்.
கதவைச் சாத்தினால் அலறுகிறான்,
சாத்தாவிட்டால் தூங்குவதில்லை.
பள்ளியில் ஒரு பையனின் காதைக் கடித்தான்.
சொத்தைப் பல் ஆறு.

எட்டு வரி தீர்ந்து ஓரத்தில் ஏறி எழுதினேன்.
பேனா நன்றாகத்தான் ஓடியது.
எனக்குத்தான்
யாரையோ போலீசில் காட்டிக்கொடுக்கிற மாதிரி இருந்தது.

என் ஈரக் கையுறைகளை
ஒன்றையொன்று தொடாமல், விரல்களைப் பிரித்து
ரேடியேட்டர் மேல் காயப்போடுவது அவன்தான்.
யாரும் சொல்லவில்லை.
மூன்று தெருவுக்கு அப்பால் என் வண்டி திரும்பினாலே
சூப்பைச் சுடவைக்கச் சொல்வானாம்.
அதை எழுதக் கேள்வி இல்லை.
எழுதினால் தொகை குறையும்.

தொகை மாதம் நானூற்றுப் பன்னிரண்டு டாலர்,
ஒரு மருத்துவ அட்டை.

பெட்ரோல் பங்கில் டேலன் கேட்டான்:
"புள்ளைக்குச் சம்பளம் தர்றாங்களாமே?"
பல் டாக்டர் மிசூலாவில்,
போக வர இருநூற்று நாற்பது மைல்,
போன முறை அவன் பாதி வழியில்
கதவைத் திறக்கப் பார்த்தான்,
இதையெல்லாம் குழாயைப் பிடித்துக்கொண்டு
ஒருவனிடம் சொல்ல முடியுமா?
"ஆமா" என்றேன்.
"இன்னும் நெறையப் பேர் இருக்காங்க.
வேணும்னா நீயும் ஒண்ணு கூட்டிட்டு வா."
டேலன் டயரைப் பார்த்தான்.

அன்று ராத்திரி
கார்பின் படிவத்தோடு வந்து நின்றான்.
எவ்வளவு நேரமாகப் படித்திருக்கிறானோ.
"காதைக் கடிக்கல. கடிக்கப் போனேன்" என்றான்.
அப்புறம் பென்சிலை எடுத்து
ஆறை அடித்து ஏழு என்று போட்டான்.
"இன்னொண்ணு உள்ளே இருக்கு. நான் சொல்லல."

ஐடெல்லா தட்டைத் துடைப்பதை நிறுத்தவில்லை.
ஒரே தட்டைத்தான் துடைத்துக்கொண்டிருந்தாள்.

கடைசிப் பக்கத்தைத் திருப்பினான்.
"பதினெட்டு வயசோட நின்னுடும்னு போட்டிருக்கு."
"பணம்" என்றேன்.
"அதான். மறுநாள்?"

எனக்கு வார்த்தை வராது.
பன்னிரண்டு டன் வண்டியில்
தனியாகவே இருந்து பழகியவன்.
மறுநாள் என்ன கிழமை என்று
விரல்விட்டு எண்ண ஆரம்பித்தேன்.
அவனும் எண்ணினான்.
லீப் வருஷம் ரெண்டா மூணா என்று தகராறு.
கடைசியில் செவ்வாய் வந்தது.

"செவ்வாய்னா குப்பை வண்டி" என்றாள் ஐடெல்லா,
முதுகைத் திருப்பாமல்.
"ஏழு மணிக்குள்ள தொட்டியை வெளியில வைக்கணும்.
செவ்வாய்க்கிழமை உன் முறை."

அவன் கொஞ்சநேரம் யோசித்தான்.
"பனி பெஞ்சா?"

"பெஞ்சாலும்."